கேட்க மட்டுமே தெரிந்த கருவி: பழைய டோன் பேஜர்களின் பயனும் எல்லையும்

2024 செப்டம்பர் 17 அன்று லெபனானில் ஆயிரக்கணக்கான பேஜர்கள் வெடித்தன. மறுநாள் வாக்கி-டாக்கிகள் வெடித்தன. அதற்குப் பிறகு சில வாரங்கள், பேஜர் என்ற சொல்லை ஏறக்குறைய மறந்தே போயிருந்த நம்மவர்களும் அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். பேஜர் என்பது எஸ்.எம்.எஸ். வருவதற்கு முந்தைய எஸ்.எம்.எஸ். என்றார்கள் சிலர். வாக்கி-டாக்கியின் சிறிய வடிவம் என்றார்கள் வேறு சிலர். ரேடியோ அலையை அனுப்பியே எந்தப் பேஜரையும் வெடிக்கச் செய்யலாம் என்றுகூடப் பேச்சு பரவியது. வெடித்தவை உள்ளே வெடிமருந்து மறைத்து வைக்கப்பட்ட கருவிகள். சாதாரணப் பேஜரில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குழப்பத்துக்கு அடியில் இன்னொரு பழைய குழப்பம் இருக்கிறது. பேஜர் என்றால் என்ன, அதற்கும் இருவழி ரேடியோவுக்கும் என்ன உறவு என்பது பலருக்கும் தெளிவாக இல்லை. அதை விளக்க மிகப் பொருத்தமான கருவி, அமெரிக்கத் தன்னார்வத் தீயணைப்புப் படைகள் அறுபது எழுபது ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் டோன் பேஜர்.

பேருந்து நிலைய ஒலிபெருக்கி

பெரிய பேருந்து நிலையத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது: "தென்காசியிலிருந்து வந்திருக்கும் முருகன் எங்கிருந்தாலும் உடனே விசாரணை அலுவலகத்துக்கு வரவும்." நிலையத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் அந்தக் குரல் கேட்கிறது. எழுந்து நடப்பவர் முருகன் ஒருவர்தான். அவர் ஒலிபெருக்கியைப் பார்த்து "இதோ வருகிறேன்" என்று சொன்னால் அது யாருக்கும் கேட்காது. அவர் உண்மையில் அங்கே இருக்கிறாரா, அறிவிப்பு அவர் காதில் விழுந்ததா என்பதும் அறிவிப்பாளருக்குத் தெரியாது. இப்படி ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு அழைத்து, பதிலை எதிர்பாராமல் விட்டுவிடும் முறைக்குத்தான் பேஜிங் என்று பெயர்.

காவலர்கள் கையில் வைத்திருக்கும் வாக்கி-டாக்கி வேறு வகை. ஒரே அலைவரிசையில் எல்லாரும் மாறி மாறிப் பேசவும் கேட்கவும் முடியும் என்பதால் அது இருவழி ரேடியோ எனப்படுகிறது. அதில் ஒரு தொல்லை உண்டு. தனக்குச் சம்பந்தமில்லாத பேச்சையும் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரோந்தில் இருக்கும் காவலருக்கு அது வேலையின் பகுதி. பகலில் கடை நடத்திவிட்டு இரவில் வீட்டில் உறங்கும் ஒரு தன்னார்வத் தீயணைப்பு வீரருக்கு அது முடியாத காரியம்.

ஆகவே இரண்டையும் இணைத்தார்கள். தீயணைப்புப் படை வழக்கமாகப் பேசும் அதே இருவழி ரேடியோ அலைவரிசையில் அழைப்பு போகும். ஆனால் வீரரின் வீட்டில் இருக்கும் பெட்டி, அவருக்கான அழைப்பு வரும்வரை வாயைத் திறக்காது. "இருவழி ரேடியோ பேஜிங்" என்ற பெயரைக் கேட்டதும் பேஜரே பதில் அனுப்பும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். இருவழி என்பது அழைப்பு பயணம் செய்யும் அலைவரிசையைக் குறிக்கிறது. பேஜர் ஒருவழிக் கருவிதான். பதில் அனுப்பக்கூடிய பேஜர்களும் 1995 வாக்கில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. அவை தனிக் குடும்பம், இங்கே நமக்கு வேண்டியதில்லை. அதே 1995-ல் இந்திய நகரங்களில் அறிமுகமாகி, செல்பேசி பரவியதும் சில ஆண்டுகளில் மறைந்த எண், எழுத்துப் பேஜர்களும் வேறு வகையே.

சுருக்கமாக: வாக்கி-டாக்கி பேசும், கேட்கும். டோன் பேஜர் கேட்கும், அதுவும் தன்னை அழைத்தால் மட்டும்.

கட்டிலருகே ஒரு பெட்டி

அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சம்பளம் பெறாத தன்னார்வலர்கள். சிற்றூர்களில் நிலையம் பூட்டியே கிடக்கும். அழைப்பு வந்தால் விவசாயியும் ஆசிரியரும் மெக்கானிக்கும் வீட்டிலிருந்து ஓடிவந்து வண்டியை எடுப்பார்கள். முன்பு அவர்களைக் கூப்பிட ஊர் நடுவே சைரன் ஒலித்தது. சைரன் தீ இருக்கிறது என்று சொல்லுமே தவிர எங்கே என்று சொல்லாது. ஊருக்கு வெளியே இருக்கும் பண்ணை வீடு வரை அதன் ஒலி போய்ச் சேரும் என்ற உறுதியும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்த கருவிகளில் புகழ்பெற்றது, நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓவர்டன் என்ற சிற்றூரில் தயாரான பிளெக்ட்ரான். மேசை ரேடியோ அளவுள்ள அந்தப் பெட்டி வீட்டு மின்சாரத்தில் ஓடியது. அதன் பெயர் அவ்வளவு பரவியதால், எந்த நிறுவனம் செய்த பெட்டியானாலும் "பிளெக்ட்ரான்" என்றே மூத்த வீரர்கள் சொல்வதுண்டு. நம் ஊரில் நகல் எடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் ஆனதைப் போல. பிறகு 1970-களின் பிற்பகுதியில் மோட்டோரோலாவின் மினிட்டர் வந்தது. அது இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறியது. இரவில் அதைச் சார்ஜ் தொட்டிலில் நிறுத்திவைப்பார்கள். நள்ளிரவில் மெல்லிய இரைச்சல்கூட இல்லாமல் நிற்கும் அந்தக் கருவி திடீரென்று கூர்மையாகக் கூவும். அடுத்த நொடியே கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசுபவரின் குரல் தெரு, வீட்டு எண், என்ன விபத்து என்று சொல்லத் தொடங்கும். காலணியைத் தேடும் நேரத்துக்குள் எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

வீணையில் குதிக்கும் காகிதம்

எத்தனையோ அழைப்புகள் போகும் அலைவரிசையில், இது தனக்கானது என்று அந்தப் பெட்டி எப்படி அறிகிறது? இதற்கு வீணை கற்றவர்களுக்குத் தெரிந்த ஒரு சோதனை உதவும். இரண்டு தந்திகளை ஒரே சுருதிக்குச் சேர்த்துவிட்டு, ஒன்றின் மேல் சிறு காகிதத் துண்டை மடித்துப் போடுங்கள். மற்றதை மீட்டினால், யாரும் தொடாத அந்தத் தந்தி தானே அதிர்ந்து காகிதத்தைக் குதிக்கவைக்கும். சுருதி சற்று விலகியிருந்தால் எவ்வளவு பலமாக மீட்டினாலும் காகிதம் அசையாது. தன் இயல்பான அதிர்வோடு ஒத்துவரும் ஒலிக்கு மட்டும் ஒரு பொருள் இப்படி இசைந்து ஆடுவதை ஒத்ததிர்வு என்கிறோம்.

முற்காலக் கருவிகளில் இதே காகித வித்தைதான் நடந்தது. கட்டைவிரல் நுனியளவுள்ள ஓர் உலோகக் கூட்டுக்குள் மெல்லிய உலோக நாக்கு ஒன்று இருக்கும். அதன் பெயர் ரீட். ஆர்மோனியத்தில் காற்றுப் பட்டு அதிரும் நாக்கும் ரீட் என்றே அழைக்கப்படுகிறது. இங்கே காற்றுக்குப் பதில் கம்பிச் சுருளின் காந்தவிசை அதை ஆட்டுகிறது. ரேடியோவில் வரும் ஒலி ரீட்டின் சுருதியோடு பொருந்தினால் ரீட் அதிரும், அந்த அதிர்வு மின்சுற்றை இயக்கும், ஸ்பீக்கர் திறந்துகொள்ளும். அவ்வளவுதான். கணினியோ நிரலோ நினைவகமோ எதுவும் அதில் இல்லை. பிற்காலத்தில் ரீட்டின் இடத்தை மின்னணு வடிப்பான்களும், பிறகு சிறிய சிப்புகளும் பிடித்தன. ஆனால் கருத்து மாறவில்லை.

ஓர் ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை அதன் அதிர்வெண் என்பார்கள்; அளவு ஹெர்ட்ஸ். ஒரே அதிர்வெண்ணில் ஏற்றஇறக்கம் இல்லாமல் நீளும் ஒலியே டோன். டோனை உண்டாக்கி அனுப்பும் கருவி என்கோடர். அதைக் கேட்டு அடையாளம் காணும் பகுதி டிகோடர்.

ஏன் இரண்டு டோன்கள்?

ஒரு டோனே போதும் என்று தோன்றலாம். ஆனால் மனிதக் குரலிலும், பின்னணியில் ஓடும் எஞ்சின் சத்தத்திலும், ரேடியோவின் சீட்டியொலியிலும் அதே அதிர்வெண் தற்செயலாகக் கலந்திருக்கும். ஒவ்வொரு முறையும் பேஜர் விழித்துக்கொண்டால் ஒரே வாரத்தில் வீரர் அதை அணைத்துவிடுவார். அதனால் முதலில் ஒரு டோன் சுமார் 1 நொடி, உடனே வேறொரு டோன் சுமார் 3 நொடி என்று அனுப்பும் முறை பரவலாக நிலைபெற்றது. இதைத் தொடர் இரட்டை டோன் முறை எனலாம். பேசும் குரல் ஒரே சுருதியில் முழு ஒரு நொடி நிற்பதே அரிது. அதற்கடுத்து இன்னொரு குறிப்பிட்ட சுருதியில் தொடர்ந்து நிற்பது ஏறக்குறைய நடக்காது.

இரட்டை டோனால் இன்னொரு ஆதாயமும் கிடைத்தது. பத்து டோன்களைக் கொண்டு ஒற்றை டோன் முறையில் பத்துப் பேரைத்தான் அழைக்கலாம். இரண்டாகச் சேர்த்து, எது முன் எது பின் என்ற வரிசையையும் கணக்கில் எடுத்தால் 90 தனி அழைப்புகள் கிடைக்கின்றன. இருபது டோன்களுக்கு 380.

மோட்டோரோலா பயன்படுத்திய டோன் வரிசை ஒன்று 349.0, 368.5, 389.0, 410.8 ஹெர்ட்ஸ் என்று ஏறிக்கொண்டே போகிறது. கர்நாடக இசை அறிந்தவர்கள் கவனித்தால் 349 என்பது ஏறத்தாழ நாலு கட்டை சுருதி என்பது புலப்படும். ஒவ்வொரு படியும் சுமார் ஐந்தரை சதவீதம் உயர்கிறது. இது ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளியைவிடச் சற்றுக் குறைவு. அதனால்தான் இந்த அழைப்பொலிகள் காதுக்கு ஏதோ இசைபோலத் தொடங்கி, சுருதி சேராமல் முடிவதுபோல் கேட்கின்றன. ஒரே நிலையத்தில் பல ஆண்டு இருந்தவர்கள், உறக்கத்திலும் தங்கள் ஜோடியைப் பக்கத்து ஊர் ஜோடியிலிருந்து பிரித்தறிவார்கள்.

இதுவரை பார்த்தது: என்கோடர் இரண்டு டோன்களை அடுத்தடுத்து அனுப்புகிறது; பேஜரின் டிகோடர் இரண்டும் தன் ஜோடியா, அதே வரிசையா என்று பார்க்கிறது; பொருந்தினால் ஸ்பீக்கரைத் திறக்கிறது; பின்னால் வரும் குரலை வீரர் கேட்கிறார்.

இன்னும் ஏன் இது கைவிடப்படவில்லை

டோன் என்பது வெறும் ஒலி. இந்த ஒரு தன்மையில்தான் இந்த முறையின் பலம் முழுவதும் இருக்கிறது. குரலை எண்களாக்காமல் அலையாகவே கொண்டுசெல்லும் எந்த அனலாக் ரேடியோவும் டோனையும் கொண்டுசெல்லும். இருக்கும் ரேடியோவின் மைக் இணைப்பில் என்கோடரைப் பொருத்தினாலே போதும். கோபுரத்தையோ அலைவரிசையையோ மாற்ற வேண்டியதில்லை. பணவசதி குறைந்த ஒரு சிற்றூர்த் தீயணைப்புக் குழுவுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, ஒரே அழைப்பு ஐம்பது பேருக்குப் போனாலும் ஐந்நூறு பேருக்குப் போனாலும் சுமை ஒன்றே. செல்பேசி வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் செய்தி தனித்தனியாகப் போய்ச் சேர வேண்டும். புயலோ வெள்ளமோ வந்து ஊரே ஒரே நேரத்தில் போனை எடுக்கும்போது அந்த வலை திணறுகிறது. கோபுரத்துக்கு மின்சாரம் போனால் முற்றிலும் நின்றும்விடுகிறது. டோன் பேஜிங்குக்குத் தேவை ஒரு டிரான்ஸ்மிட்டர், ஓர் ஆன்டெனா, ஒரு ஜெனரேட்டர். கேட்பவர்கள் எண்ணிக்கை கூடுவதால் அது சோர்வதில்லை.

கேட்பவர் மனிதராகவும் இருக்க வேண்டியதில்லை. ஊர்ச் சைரனை ஒலிக்கவிடவும், நிலையத்தின் விளக்குகளை ஏற்றவும், வண்டி நிற்கும் கொட்டகைக் கதவைத் திறக்கவும் இதே டிகோடர்கள் பயன்பட்டன. அமெரிக்க வானிலைத் துறையின் வானொலி, ஆபத்து அறிவிப்புக்கு முன் அனுப்பும் 1050 ஹெர்ட்ஸ் எச்சரிக்கை டோனும் இதன் நெருங்கிய உறவுதான். 162 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அதைக் கேட்டு, உறங்கும் வீட்டாரை எழுப்பும் ரேடியோக்கள் இன்றும் விற்கப்படுகின்றன. ஜெர்மனியின் தன்னார்வத் தீயணைப்புப் படைகள் அடுத்தடுத்து ஐந்து குறுகிய டோன்களை, ஒவ்வொன்றும் 70 மில்லிநொடி வீதம், அனுப்பும் முறையை நெடுங்காலம் வைத்திருந்தன. டோன்கள் ஐந்தானாலும் ஒவ்வொன்றும் அவ்வளவு குறுகியது என்பதால் அந்த வரிசை அரை நொடிக்குள் முடிந்துவிடும்.

அந்த வேறுபாடு அற்பமானதன்று. அமெரிக்க முறையின் முதல் எல்லை அங்கேதான் தொடங்குகிறது.

எல்லைகள்

ஒரு நிலையத்தை அழைக்க 1 நொடியும் 3 நொடியுமாக 4 நொடி ஆகிறது. பெரிய தீ என்றால் பத்து நிலையங்களை அழைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் 4 நொடி என்றால், முகவரியைச் சொல்லத் தொடங்குவதற்கே 40 நொடி கழிந்துவிடும்; அதுவரை அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. ஒரே டோனைச் சுமார் 8 நொடி நீட்டி ஒரு குழு முழுவதையும் எழுப்பும் குழு அழைப்பு இதற்காகவே ஏற்பட்டது. அது பாதித் தீர்வுதான். வேண்டாதவர்களையும் அது எழுப்பிவிடும்.

இரண்டாவது எல்லை அமெரிக்க அரசாணையால் வந்தது. ஒரு ரேடியோ அலைவரிசை எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பட்டை அகலம் என்பார்கள். நெரிசல் கூடியதால், 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் 421 முதல் 470 வரையிலும் இயங்கும் பெரும்பாலான இருவழி ரேடியோக்கள் 2013 ஜனவரி 1-க்குள் 25 கிலோஹெர்ட்ஸ் பட்டையிலிருந்து 12.5-க்கு மாற வேண்டும் என்று எஃப்.சி.சி. எனப்படும் தொலைத்தொடர்பு ஆணையம் கட்டளையிட்டது. அகலமான தெருவுக்காகச் செய்த வண்டியைச் சந்தில் ஓட்டுவது போன்ற நிலை பழைய பேஜர்களுக்கு ஏற்பட்டது. டோனின் அதிர்வெண் மாறாததால் பேஜர் திறக்கக்கூடும். ஆனால் பின்னால் வரும் குரல் பழைய அளவில் ஏறக்குறையப் பாதியாகத் தேய்ந்து கேட்கும், பக்கத்து அலைவரிசையின் பேச்சும் கசியும். 30 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தாழ்பட்டைக்கு இந்த ஆணை பொருந்தவில்லை. அங்கே இயங்கிய பழைய கருவிகளுக்கு அந்த நெருக்கடி வரவில்லை.

மூன்றாவது, டிஜிட்டல் ரேடியோ. பல மாவட்டங்கள் பி25 எனப்படும் டிஜிட்டல் முறைக்கு மாறின. அதில் குரல் அப்படியே போவதில்லை. மனிதப் பேச்சின் சாயலை மட்டும் பிரித்தெடுத்து எண்களாக்கி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் குரலாகக் கட்டுகிறார்கள். பேச்சுக்காகவே உருவான அந்த முறை, நீண்டு நிற்கும் தூய டோனைச் சரியாகத் திருப்பிக் கட்டுவதில்லை. அதை நம்பி டிகோடரை இயக்க முடியாது. இதனாலேயே பேச்சுக்கு டிஜிட்டலுக்குப் போன பல மாவட்டங்கள், பேஜிங்குக்கென்று பழைய அனலாக் அலைவரிசை ஒன்றைத் தனியே காத்துவருகின்றன. பழமையின் மேலுள்ள பற்று என்று சிலர் இதைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அது நியாயமான பொறியியல் முடிவாகவே படுகிறது.

நான்காவது, பாதுகாப்பு. ரீட்டுக்கு அழைப்பவர் யார் என்று தெரியாது. சுருதி சரியாக இருக்கிறதா என்பது மட்டுமே தெரியும். ஒருவர் அந்த டோன்களைப் பதிவுசெய்து அதே அலைவரிசையில் திரும்ப ஒலிபரப்பினால் கருவி விழித்துக்கொள்ளும். 2017 ஏப்ரல் 7 இரவு டெக்சாஸின் டல்லாஸ் நகரில் 156 அவசரச் சைரன்களும் காரணமின்றி ஒலித்தன. வெளியாள் ஒருவர் ரேடியோ சமிக்ஞை வழியாகவே அவற்றை இயக்கியதாக நகர அதிகாரிகள் தெரிவித்தார்கள். அழைப்பவரைச் சரிபார்க்காத எந்தக் கருவிக்கும் இந்த ஆபத்து உண்டு. அதேபோல, முகவரியும் நோயாளியின் நிலையும் ஊரறியக் காற்றில் போகின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய எல்லை, தொடக்கத்தில் சொன்ன முருகனின் நிலைதான். அழைப்பு போய்ச் சேர்ந்ததா என்பது அழைத்தவருக்குத் தெரியாது. பேஜருக்குள் இருக்கும் சிறிய ஆன்டெனா, வண்டியின் கூரையில் நிற்கும் நீண்ட ஆன்டெனாவுக்கு ஈடாகாது. இரும்புத் தகடு வேய்ந்த கிடங்கிலோ கட்டடத்தின் அடித்தளத்திலோ நிற்பவருக்கு அழைப்பு எட்டாமல் போகலாம். எட்டாதபோது எந்த எச்சரிக்கையும் வராது. அழைப்பு இல்லாத அமைதியும் அழைப்பு எட்டாத அமைதியும் வீரருக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

சுருக்கமாக: தாமதம், பட்டை அகல மாற்றம், டிஜிட்டல் பொருத்தமின்மை ஆகியவற்றுக்கு வழி தேடலாம். பதில் சொல்லாமை இந்தக் கருவியின் பிறவிக் குணம்; சுமை கூடாமல் எத்தனை பேரையும் எழுப்ப முடிவதும் அதே குணத்தால்தான்.

பழைய கருவியை வாங்க நினைப்பவர்களுக்கு

பழைய மேசைப் பெட்டிகளும் முற்காலப் பேஜர்களும் ஒரே அலைவரிசைக்குக் கட்டுப்பட்டவை. அந்த அலைவரிசையைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் சிறு குவார்ட்ஸ் துண்டு. அதன் பெயர் கிரிஸ்டல். அலைவரிசையை மாற்ற வேண்டுமானால் கிரிஸ்டலையே புதிதாக வெட்டி வாங்க வேண்டும். அப்படி வெட்டித் தந்த முக்கிய அமெரிக்க நிறுவனமான ஓக்லஹோமாவின் இன்டர்நேஷனல் கிரிஸ்டல் 2017-ல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. குறிப்பிட்ட டோனுக்கான ரீட் கிடைப்பதும் அதேபோலக் கடினம். எனவே கணினியில் இணைத்து அலைவரிசையையும் டோனையும் மாற்றக்கூடிய பிற்கால மாதிரிகளே புதியவர்களுக்கு ஏற்றவை.

மூடியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி அறை. பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்திருந்தால் உலோகத் தொடுமுனைகளில் வெளிறிய பச்சை, வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அது மின்பலகை வரை பரவியிருந்தால் வாங்காமல் விடுவதே நல்லது. பல ஆண்டுகள் உறங்கிய மேசைப் பெட்டிகளில் மின்தேக்கிகள் உலர்ந்து போயிருக்கும். அவற்றை மாற்றாமல் நேரடியாக மின்சாரம் கொடுக்கக் கூடாது. இந்தியாவில் இருப்பவர்கள் இத்தகைய கருவியை வரவழைக்கும் முன், ரேடியோ கருவிகளுக்கான உரிம விதிகளை அறிந்துகொள்வது அவசியம். அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்றவர்களிடம் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

கற்பதற்கு இதைவிட நல்ல ரேடியோக் கருவி குறைவு என்பது என் உறுதியான எண்ணம். அழைப்பு வருவது முதல் ஸ்பீக்கர் திறப்பது வரை ஒவ்வொரு படியையும் காதால் கேட்டு, கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். உயிர்காக்கும் பணியில் இதை மட்டும் நம்புவது வேறு விஷயம். அங்கே இப்போது டோன் பேஜரும் செல்பேசிச் செயலியும் ஒன்றுக்கொன்று துணையாக இயங்குகின்றன. செயலியில் "வருகிறேன்" என்று அழுத்தினால் எத்தனை பேர் கிளம்பினார்கள் என்பது நிலையத்துக்குத் தெரிகிறது. வலையமைப்பு செயலிழந்த இரவில் பேஜர் எழுப்புகிறது.

பேஜரால் தன் நலத்தைச் சொல்ல முடியாது என்பதால் அதை நம்பியிருக்கும் இடங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. நாள்தோறும் அல்லது வாரந்தோறும் குறித்த நேரத்தில் கட்டுப்பாட்டு அறை சோதனை அழைப்பு ஒன்றை அனுப்பும். அந்த நேரத்தில் பெல்ட்டில் இருக்கும் கருவி கூவினால் வீரர் பொத்தானை அழுத்தி அடக்கிவிட்டு வேலையைத் தொடர்வார். கூவவில்லையென்றால், கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பேட்டரியை வெளியே எடுத்து, தொடுமுனையைப் பென்சில் ரப்பரால் துடைத்து மீண்டும் பொருத்துவார். அப்போதும் சரியாகவில்லை என்றால் அன்றிரவு உறங்கப் போகும் முன் நிலையத்துக்குப் போய் வேறொரு பேஜரை வாங்கிவருவார்.